பச்சையிலேயே நின்ற பக்கம்

லோர்னா கிவெலாவைத் திட்டாத ஆள் இந்தக் கரையில் இல்லை. ஏரி உறைந்த நாளிலிருந்து உருகும் நாள்வரை, காலையில் அவளை நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் பாதிப் பேர் காப்பியையே குடிப்பார்கள். அவள் செய்த குற்றம் இதுதான். கரைக்கும் தீவுக்கும் நடுவே பனிக்கட்டிமேல் வண்டி ஓடும் பாதையை விடியலில் போய்த் துளையிட்டு அளப்பாள். வீட்டுக்கு வந்து தன் இணையதளத்தில் ஒரு நிறம் போடுவாள். பச்சை போட்டால் வண்டியில் போகலாம். மஞ்சள் போட்டால் நடந்து போகலாம். சிவப்பு போட்டால் வீட்டில் கிட. ஊராட்சிக்காரர்களும் தடுப்புக்கட்டை வைப்பார்கள்தான். ஆனால் அந்த மகராசர்கள் காப்பி குடித்து, கதை பேசி, கட்டையைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் தீவுக்குப் போக வேண்டியவன் பாதி ஏரி தாண்டியிருப்பான். அதனால் ஊர் நம்பியது லோர்னாவின் நிறத்தைத்தான்.

சிவப்பு போட்ட அன்று அவள் போன் அலறும். சுருதி சுத்தமாகத் திட்டுகிறவன் மெர்ல் ஓஸ்ட்பி. தீவு வீடுகளுக்கு எரிவாயு சிலிண்டர் கொண்டுபோகிறவன்; ஒரு நாள் பாதை மூடினால் அங்கே கணப்பு அணையும், எல்லாரும் அவனைப் பிடித்துக்கொள்வார்கள்.

"என்னம்மா லோர்னா, கனவுல ஏரி உருகிடுச்சா?"

"துளை போட்டுப் பாத்தேன் மெர்ல். கட்டி சாம்பல் நிறமா இருக்கு."

"உன் கண்ணாடிய தொடைச்சிட்டுப் பாரு!"

பத்தொன்பது வருஷமாக இந்தப் பாட்டு. அவளுக்கு அது பழகிப்போய், கொஞ்சம் பிடித்தும் போயிருந்தது.

இணையதளம் தொடங்கியது தூண்டில் கடைக்காக. லோர்னாவும் அவள் கணவன் ரேயும் படகுத்துறையில் கடை வைத்திருந்தார்கள். புழுவும் முள்ளும் விற்கிற கடையின் பெயரில் தளம். அதன் ஒரு மூலையில்தான் பனிப்பாதை. ரே குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு குளிர்காலத்துக்கு அரிசோனா போனான். வெயில் ஒத்துக்கொண்டது, அங்கே ஒரு பெண்மணியும் ஒத்துக்கொண்டாள், மனிதன் திரும்பவில்லை. தனியாளாக இழுத்துப் பார்த்த லோர்னா, போன இலையுதிர்காலத்தில் கடையை டிரெவர் என்கிற வெளியூர் இளைஞனுக்கு விற்றாள். கடையோடு பெயரும் போனது. பெயரோடு தளத்தின் முகவரியும் போனது. பனிப்பாதை மட்டும் அவளுடையது. அதற்குப் புது முகவரி பார்த்துக் குடிபோக வேண்டும்.

"ஏரி உருகட்டும் டிரெவர், ஏப்ரல்ல மாத்திக்கிறேன்," என்று கேட்டாள். "ஜனங்க தினமும் பாக்குற நேரத்துல வீடு மாத்தக் கூடாது."

"ஏப்ரல்ல என் மீன்பிடி சீசன் ஆரம்பிச்சிடும், மேடம். பிப்ரவரி முடியறதுக்குள்ள முகவரி எனக்கு வேணும். பத்திரத்துல அப்படித்தானே இருக்கு?" என்றான் அவன். "ஆனா கடைப் பக்கங்கள அப்படியே விடுங்க. தூண்டில் முள்ளு, நரம்பு விலையெல்லாம். என் ஆள் புதுசா செய்றவரைக்கும் அது நிக்கட்டும்."

பயலுக்கு மரியாதை வாயில் இருந்தது, வேறு எங்கும் இல்லை. ஆனால் பத்திரத்தில் அப்படித்தான் இருந்தது.

இங்கேதான் அவள் சறுக்கினாள். பழைய முகவரிக்கு வருகிறவர்களை அப்படியே மொத்தமாகப் புதியதற்குத் திருப்பிவிட்டிருந்தால் தொல்லையே இல்லை. டிரெவரின் முள்ளும் நரம்பும் அங்கேயே நிற்க வேண்டுமே என்று ஒவ்வொரு பக்கமாகத் திருப்பப் போனாள். முதல் பக்கத்தைத் திருப்பினாள். பழைய முகவரியைத் தட்டிப் பார்த்தாள். புதுத் தளம் வந்தது, அங்கிருந்து பனிப்பாதையும் வந்தது. கைபேசியில் பார்த்தாள், வந்தது. அப்பாடா என்று போய்ப் படுத்தாள். வீட்டைக் காலி செய்கிறவள் மாதிரி, வாசலில் 'இந்தப் பக்கம் போகவும்' என்று அம்புக்குறியும் போட்டுவிட்டாள். பக்கவாட்டுக் கதவு திறந்தே கிடந்தது, உள்ளே விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. தளத்தைக் கட்டியவள் எப்போதும் வாசல் வழியாகத்தான் போவாள். ஊர் ஒரு நாளும் வாசல் வழியாக வந்ததில்லை என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

அந்த வாரம் நல்ல குளிர். பச்சைமேல் பச்சை. ஒன்றும் தெரியவில்லை.

பிறகு ஒரு ராத்திரி தெற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது, கூடவே மழை. விடியலில் லோர்னா துளைக்கருவியோடு போனாள். கரையருகே துளையிட்டதுமே தண்ணீர் குபுகுபுவென்று மேலே வந்தது. கட்டி தேன்கூடுபோல் உதிர்ந்தது. அவள் அதற்குமேல் ஓரடி வைக்கவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து சிவப்பு போட்டாள், பெரிதாக. காப்பி போட்டாள். போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராக உட்கார்ந்தாள்.

போன் அடிக்கவில்லை.

முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. ஜனங்களுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தாள். ரொட்டியில் வெண்ணெய் தடவினாள். இரண்டாவது ரொட்டியைக் கடிக்கும்போதுதான் உறைத்தது. சிவப்பு போட்ட நாளில் மெர்ல் திட்டவில்லை என்றால், ஒன்று மெர்ல் செத்திருக்க வேண்டும், இல்லை மெர்ல் சிவப்பைப் பார்க்கவில்லை.

மெர்ல் எப்படிப் பார்ப்பான்? அந்த மனிதன் வாழ்நாளில் ஒரு முகவரியைத் தட்டியதில்லை. அவன் மகள் கைபேசி முகப்பில் ஒரு பொத்தானை வைத்துக் கொடுத்திருந்தாள். அதை அமுக்கினால் நேராகப் பனிப்பாதைப் பக்கம். அவன் மட்டுமா? ஊரே அப்படித்தான் சேமித்து வைத்திருந்தது.

பழைய முகவரியோடு பனிப்பாதைப் பக்கத்தின் பெயரையும் சேர்த்துத் தட்டினாள். திரை திறந்தது. பச்சை. வட்டமாக, கொழுகொழுவென்று, குடிபோன நாளில் அவளே வைத்த பச்சை. பக்கத்திலேயே டிரெவரின் முள் விளம்பரம்.

"ஐயோ கடவுளே," என்றாள் வாய்விட்டு.

மெர்லைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதுவே அவளைக் கொன்றது. ஏனென்றால் பனிமேல் ஓட்டுகிறவன் போனை எடுக்க மாட்டான். இருக்கைப் பட்டையைப் போட மாட்டான், கண்ணாடியை இறக்கிவிடுவான், ரேடியோவை அணைத்துவிட்டுக் கட்டி முனகுகிறதா என்று காதைக் கொடுத்து ஓட்டுவான். மறுபடி கூப்பிட்டாள். அவசர எண்ணுக்குச் சொன்னாள். மறுபடியும் மெர்ல். எடுக்கவில்லை.

துறைக்கு ஓட வேண்டும் என்று கால் துடித்தது. ஆனால் ஓடினால் ஒரு மெர்லைத்தான் பிடிக்கலாம். இந்தப் பச்சையை இப்போது எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ. உட்கார்ந்தாள். கடவுச்சொல்லைத் தப்பாக அடித்தாள். திரும்பவும் தப்பு. தன்னைத்தானே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு மூன்றாவது தடவை உள்ளே போனாள். முள்ளாவது நரம்பாவது என்று பழைய தளம் முழுவதையும் ஒரே வரியில் புதியதற்குத் திருப்பினாள். பழைய பக்கத்தை மறுபடி திறந்தாள். சிவப்பு. கோட்டை மாட்டிக்கொண்டே வண்டியைக் கிளப்பினாள்.

துறையில் புதிதாக டயர் தடம் இறங்கியிருந்தது. தடம் நிறையத் தண்ணீர். பாதையைக் காட்டுவதற்காக இருபுறமும் நட்டிருந்த பழைய கிறிஸ்துமஸ் மரங்கள் மழையில் சாய்ந்து நின்றன. தூரத்தில், வழக்கமாக வெடிப்பு விடுகிற இடத்தில், மெர்லின் வண்டி நின்றது. பக்கத்தில் ஓர் ஆள்.

போன் அடித்தது.

"ஏய் லோர்னா! என்ன விளையாட்டு இது?" மெர்ல்தான். "வீட்ல பாத்தா பச்சை. வெடிப்பு எப்படி இருக்குன்னு பாக்க இறங்கினா, போன்ல உன் பேரா வரிசையா நிக்குது. நீ என்னைக்கு என்னைக் கூப்பிட்ட? என்னடான்னு பக்கத்தத் திறந்தா சிவப்பு! நான் நடு ஏரியில நிக்கிறேன்!"

"மெர்ல், வண்டிய விட்டுட்டு நடந்து வா."

"பின்னாடி சிலிண்டர் இருக்கு..."

"சிலிண்டர் மிதக்கும். நீ மிதக்க மாட்ட. நட! மரத்துப் பக்கத்துல வராத, அங்க கட்டி இளகியிருக்கும். வாய மூடிட்டு நட!"

அவன் நடந்தான். அவள் ஒவ்வொரு அடியையும் எண்ணினாள். பாதித் தூரம் வந்திருப்பான், பின்னால் மரப்பலகை முறிவதுபோல் ஒரு சத்தம். வண்டியின் மூக்கு அமுங்கியது, வால் தூக்கியது. மெதுவாக, எந்த அவசரமும் இல்லாமல், வண்டி உள்ளே போனது. சிலிண்டர்கள் மேலே வந்து மிதந்தன. மெர்ல் திரும்பிப் பார்க்கவில்லை.

மீட்புப் படகு வந்தபோது அவன் கரையேறியிருந்தான். முழங்கால்வரை ஈரம், உதடு நீலம். லோர்னா தன் கோட்டைக் கழற்றி அவன்மேல் போர்த்தினாள். எல்லாவற்றையும் சொன்னாள். முகவரி மாற்றியதை, பழைய பக்கத்தைத் திருப்பாமல் விட்டதை, ஒரு தடவைகூட அவன் பார்க்கிற வழியில் தான் பார்க்காததை. சொல்லிவிட்டு, வாங்கிக்கட்டிக்கொள்ள நின்றாள்.

அவன் திட்டவில்லை.

"பச்சைன்னு இருந்துச்சு," என்றான். "நீ போட்டதுன்னு நெனச்சேன்."

அவ்வளவுதான். மகளின் காரில் ஏறிப் போய்விட்டான். எந்தத் திட்டாவது அவளை இப்படி அறுத்திருக்குமா என்று தெரியவில்லை.

டிரெவர் கூப்பிட்டுத் தன் முள் விலை எங்கே போயிற்று என்று கேட்டான். ஏரியின் அடியில் ஒரு வண்டி கிடக்கிறது, அதில் போய்ப் பார்த்துக்கொள் என்றாள். ஊரும் திரும்பவும் திட்ட ஆரம்பித்தது. அவள் எல்லாருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். மெர்ல் மட்டும் கூப்பிடவில்லை.

குளிர் திரும்பியது. ஏரி மறுபடி இறுகியது. லோர்னா தினமும் துளையிட்டாள். கட்டி கருநீலமாக, கல் மாதிரி இருந்தது. அளவு பச்சைக்குத் தாராளமாகப் போதும். வீட்டுக்கு வந்து திரைமுன் உட்காருவாள். விரல் பச்சைக்குப் போகாது. சிவப்பே நின்றது. இனி இந்த வேலை வேண்டாம், யாராவது நிதானமானவர்கள் பார்க்கட்டும் என்று தளத்தில் அறிவிப்பு எழுதக்கூடத் தொடங்கிவிட்டாள்.

அப்போதுதான் போன் அடித்தது.

"என்னம்மா லோர்னா, கண்ணாடிய ஏரியில போட்டுட்டியா? இன்னும் எதுக்கு சிவப்பு?"

அவள் எழுதிக்கொண்டிருந்த அறிவிப்பை அப்படியே நிறுத்தினாள்.

"நானே துளை போட்டுப் பாத்துட்டேன்," என்றான் மெர்ல். "யானை போலாம். மருமகன் வண்டிய இரவல் வாங்கி சிலிண்டர் ஏத்தி வெச்சிருக்கேன். தீவுல எல்லாரும் வெறைச்சுப்போயி என்னைத் திட்டுறானுங்க."

"நீதான் பாத்துட்டியே மெர்ல்," என்றாள். "அப்புறம் என்ன? போக வேண்டியதுதானே."

"நீ பச்சை போடாம எவன் போவான்?"

லோர்னா அழுதாள். அவன் அதைக் கேட்டும் கேட்காதவன்போல் இன்னும் கொஞ்சம் திட்டினான். பிறகு அவள் கோட்டை மாட்டிக்கொண்டு, துளைக்கருவியைத் தூக்கிக்கொண்டு, இன்னொரு தடவை அளக்கப் போனாள்.