அண்ணன் வாய் திறக்காத ஆயுத பூஜை

எங்கள் அண்ணன் சிங்கப்பெருமாள் கோவில் என்ற ஊரில், ஐப்பசி அடைமழை நாளொன்றில், ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். அவர் கல்லூரியில் சேரவிருந்த ஆண்டு அப்பா காலமானார். அண்ணன் படிப்பை விட்டு, தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் சேர்ந்து, எங்கள் நால்வரையும் படிக்க வைத்தார். திருமணத்துக்குப் பின் சிட்லபாக்கத்தில் வீடு கட்டினார்; ஓய்வு பெறும்வரை மின்சார ரயிலில் வேலைக்குப் போய் வந்தார். அதிகம் பேசமாட்டார் என்பதையும் உறவினர் அனைவரும் அறிவார்கள்.

அண்ணன் மறைந்த இந்த ஓராண்டில் அண்ணி என்னிடம் பலமுறை சொல்லிவிட்டார்: "ஒரு நாளாவது ஆசையா ஒரு வார்த்தை சொன்னாரா, உங்க அண்ணன்?" அதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது.

அது அண்ணன் ஓய்வு பெற்ற மறு ஆண்டுப் புரட்டாசி. (இரண்டாண்டு கழித்து என்று என் தம்பி சொல்வது பிழை.) அண்ணியின் தந்தை விட்டுச் சென்ற பழைய கார் 'டொக் டொக்' என்று தட்டத் தொடங்கியது. அண்ணி ஓட்டக் கற்றதும் அதில்தான். மெக்கானிக் காது கொடுத்துக் கேட்டார்.

"பேரிங் தேஞ்சுபோச்சு சார். இந்த வண்டிக்குப் போயி செலவு பண்ணாதீங்க. எடைக்குப் போட்டுடுங்க."

அன்று அண்ணி சாப்பிடவில்லை. மறுநாள் அண்ணன் புதுப்பேட்டைக்குப் போய்ப் புது பேரிங்குகள் வாங்கி வந்தார். சொந்தமாக ஸ்கூட்டரைப் பிரித்துப் பூட்டிய அனுபவம் அவருக்கு உண்டு. கார் இன்ஜினில் அதுவே முதல் முறை.

காரை ஸ்டாண்டுகளில் உயர்த்தி, அடியில் படுத்து, ஆயில் தொட்டியைக் கழற்றினார். பிஸ்டன் தண்டுகளின் கீழ்முனையில் பேரிங்கைப் பிடித்திருக்கும் மூடிகளையும் கழற்றினார். ஒவ்வொரு மூடியும் தன் தண்டிலேயே திரும்பப் பொருந்த வேண்டும். மாறினால் இன்ஜின் பாழ். அவற்றில் எண் எதுவும் இல்லை. ஆகவே செய்தித்தாளில் வரிசையாக வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் ஆயுத பூஜை. அண்ணன் குளித்துவிட்டு வருவதற்குள் அண்ணி ஸ்பானர்களோடு மூடிகளையும் எடுத்து, புளி போட்டுத் தேய்த்து, சந்தனம் குங்குமம் இட்டு, தட்டில் வட்டமாக அடுக்கிவிட்டார்.

"அப்பா வண்டியாச்சே, சும்மா விடலாமா? எப்படி இருக்கு?"

அண்ணன் தட்டையே பார்த்தார். "பளபளன்னு இருக்கு."

"குத்துவிளக்கே தோத்துடும், இல்ல?"

"தோத்துடும்."

பூஜையில் வைத்ததை விஜயதசமிவரை தொடக்கூடாது. அன்று முழுவதும் பொரியைக் கொறித்தபடி அண்ணன் அந்தத் தட்டின் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். நான் அங்கே போனதும் என்னை வாசலுக்கு இழுத்துச் சென்றார்.

"எது எதோடதுன்னு தெரியலடா. அவகிட்ட மூச்சு விடாத."

"வண்டியே போயிடும் அண்ணா! அண்ணிகிட்ட ஒரு வார்த்தை..."

"சொன்னா, அப்பா வண்டிய நானே கெடுத்துட்டேன்னு உக்காந்து அழுவா. போனா என் கையால போனதா இருக்கட்டும்."

விஜயதசமியன்று அண்ணியை எங்கள் தங்கை வீட்டுக் கொலுவுக்கு அனுப்பிவிட்டுக் காரின் அடியில் புகுந்தார். நான் டார்ச் பிடித்தேன். ஒவ்வொரு மூடியையும் தண்டோடு சேர்த்து, இணையும் இடத்தில் நகத்தால் தடவினார். சொந்த மூடி என்றால் நகம் இடறாது.

"இடறுது. அடுத்தது குடு." மீண்டும், "ம்ஹூம்." பிறகு, "இதான்டா, இதான்!"

புது பேரிங்குகளைப் பொருத்தினார். இடையில் மெல்லிய மெழுகு இழையை வைத்து முடுக்கி, திறந்து, அது நசுங்கிய அகலத்தைப் பார்த்து இடைவெளி சரிதானா என்று சோதித்த பிறகே இறுதியாகப் பூட்டினார். மாலையில் அண்ணி திரும்பியதும் சாவியை நீட்டினார்.

"நீயே ஸ்டார்ட் பண்ணு."

தட்டல் இல்லை. அண்ணி முகமெல்லாம் சிரிப்பாக இறங்கினார். "பாத்தீங்களா, புளி போட்டுத் தேச்சது வீண் போகல!"

"ஆமா" என்றார் அண்ணன்.

கடைசி மாதங்களில் அந்தக் காரில்தான் அண்ணி அவரை மருத்துவமனைக்கு ஓட்டிச் சென்றார். அண்ணன் பக்கத்து இருக்கையில் கண்மூடிச் சாய்ந்திருப்பார். "சத்தம் நல்லாருக்கு" என்பார். பங்குனியில் ஒரு விடியற்காலை எங்களைப் பிரிந்தார்.

வேளை தவறாமல் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், பந்தல் போட்டது முதல் காரியம் முடியும்வரை உடனிருந்த தெருக்காரர்களுக்கும், தொலைவிலிருந்து வந்த உறவினர்களுக்கும் எங்கள் நன்றி.

அண்ணிக்கு எங்கள் வணக்கம். மூச்சு விடாதே என்ற சொல்லை மீறிவிட்டேன். அதற்கு அண்ணனிடம் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.