பாலகணேஷ் கொண்டாடிய மௌனம்

தி. நகரில் மேட்சிங் கடை வைத்திருக்கும் பாலகணேஷிடம் ரவிக்கைத் துணி வாங்கப் போகிறவர்கள் அவசர வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் போவது நல்லது. புடவையை வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்க்கும்போதே, "அக்கா, நீங்க 'மறுமுனையில் யாரோ' பார்த்திருக்கீங்களா?" என்று ஆரம்பித்துவிடுவார். பார்த்ததில்லை என்றால் தொலைந்தது. பார்த்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டால் இன்னும் மோசம்.

அது தொண்ணூறுகளின் கடைசியில் வந்த அமானுஷ்யத் தொடர். அடையாறில் ஒரு எஸ்.டி.டி. பூத். அங்கே போன் மணி அடிக்கும். எடுத்தால் நாளைய தேதியிலிருந்து யாரோ பேசுவார்கள். அதில் மாமியார், மருமகள், பாலில் விஷம் எதுவும் கிடையாது. அதனால் யாரும் பார்க்கவில்லை, சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். தமிழ் டிவியில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒன்று வரவில்லை என்பது பாலகணேஷின் தீர்ப்பு. அதற்கு மேல்முறையீடு கிடையாது.

அதன் கடைசிப் பகுதியில் ஒரே ஒரு முறை வந்த பாட்டைப் பாடியவர் சாருலதா. சினிமாவில் பாடாதவர். 'பச்சை சிக்னல்' என்று ஒரு பாப் கேசட் போட்டார். அது பாண்டி பஜார் பிளாட்பாரத்தில்கூடச் சீந்துவாரில்லாமல் கிடந்தது. "சினிமாவுல வராத பாட்டுக்கு இந்த ஊர்ல வாடகைக்குக்கூட வீடு கிடைக்காது" என்று பாலகணேஷ் பொருமுவார். அந்தக் கேசட்டின் பி சைடு இரண்டாவது பாட்டைக் கேட்காமலேயே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டதே என்று அவருக்கு உண்மையாகவே வருத்தம்.

எல்லாவற்றுக்கும் மேலாக அவர் கொண்டாடியது, தொடரின் கடைசிப் பாட்டுக்கு நடுவே வரும் மௌனத்தை. பின்னணியில் பாட்டு போய்க்கொண்டிருக்கும், நாயகி ரிசீவரை எடுப்பாள், சட்டென்று சத்தம் அடங்கிவிடும். அவள் முகம் மட்டும் தெரியும். பிறகு மறுபடி பாட்டு. "அது மறுமுனைக்காரன் பேசுற இடம். நமக்குக் கேக்காது. அதை நம்ம கற்பனைக்கு விட்டுட்டாங்க பாருங்க, அங்கதான் நிக்கிறாங்க" என்று யூடியூபில் அவர் பேசி வைத்தது அந்தத் தொடரின் ரசிகர் குழுவுக்கு வேதவாக்கு. குழுவினர் சேர்ந்து பாடும்போதும் அந்த இடத்தில் கப்சிப் என்று நிறுத்திவிட்டுத்தான் தொடர்வார்கள்.

ஆனால் அந்தக் கடைசிப் பகுதி ஒளிபரப்பானபோது பாலகணேஷ் பார்க்கவே இல்லை. அது தீபாவளி வாரம். தி. நகர் கடைக்காரருக்கு அப்போது சோறு தின்னவே நேரமிருக்காது. ஆதம்பாக்கத்து நண்பர் கருணாகரன்தான் வீடியோ டேப்பில் பதிந்து வைத்திருந்தார். அதை வாங்கிவந்து, இரண்டு டெக்குகளை வயரால் இணைத்து, கல்யாணமான புதிதில் தனக்கு ஒரு பிரதி எடுத்துக்கொண்டார். கருணாகரனின் டேப்பைப் பிறகு பூஞ்சை தின்றுவிட்டது. இன்று இணையத்தில் சுற்றுவது பாலகணேஷின் பிரதிதான்.

சாருலதாவைத் தேடிக் கண்டுபிடித்தது இந்த வருஷம். அடையாறு காந்தி நகரில் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். "எங்காத்துலயே யாருக்கும் ஞாபகம் இல்லை. நீங்க இவ்வளவு தூரம் கூப்பிடறேளேன்னு வரேன். பாடுன்னு மட்டும் கேக்காதேங்கோ" என்றார் போனில். ஒரே ஒரு வரியாவது அவர் வாயால் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் பாலகணேஷுக்கு ஆசை. அதை வெளியே சொல்லாமல், மயிலாப்பூரில் ஒரு மெஸ்ஸின் மாடி ஹாலில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம் போட்டார். வர மாட்டேன் என்ற மனைவி புஷ்பத்தையும் இழுத்துக்கொண்டு போனார்.

வரவேற்புரை என்ற பெயரில் மௌனத்தைப் பற்றி வெளுத்து வாங்கினார். பேசப் பேச சாருலதாவின் முகம் மாறியது.

"எந்த மௌனம்?" என்றார்.

குழு பாடிக் காட்டியது. "மணி அடிச்சா எடுத்துக்கோ, மழை அடிச்சா நனைஞ்சுக்கோ" என்று பாடி, வழக்கம்போல் நிறுத்தி, "நாளைக்குள்ள நானிருப்பேன்" என்று தொடர்ந்தது.

"அங்க ஒரு வரி இருக்கு. அந்தப் பாட்டுலயே நான் எழுதினது அது ஒண்ணுதான். கெஞ்சிக் கூத்தாடி சேத்தேன்" என்றார் சாருலதா. "அது இல்லாததைத்தான் இத்தனை வருஷமா கொண்டாடிண்டு இருந்தேளா?" கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அதுவரை எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்த புஷ்பம் நிமிர்ந்தார். "ஏங்க, ரெண்டு டெக்கையும் ஓடவிட்டுட்டுக் கடைக்குப் போனீங்களே, அந்தப் படமா இது? நான் பின்னாடி பெருக்கும்போது வெள்ளை வயரு ஒண்ணு கழண்டு விழுந்துச்சு. உடனே சொருகிட்டேனே. படம் பாட்டுக்கு நல்லாத்தானே ஓடுச்சு!"

மஞ்சள் வயரில் படம் போகும், வெள்ளை வயரில் சத்தம் போகும். கால் நூற்றாண்டாகத் தான் மேதைமை என்று கொண்டாடியது வீட்டு விளக்குமாற்றின் வேலை என்பது பாலகணேஷுக்கு மெதுவாக உறைத்தது. ஹாலே சிரித்தது. அவருக்கு அழுகைதான் வந்தது. யூடியூபில் பேசியதெல்லாம் பொய்யாய்ப் போனது பெரிதாகத் தெரியவில்லை. வந்தவர் இப்படி மனம் நொந்து போகிறாரே என்றுதான் துக்கம்.

"மேடம், நான் பேசினதெல்லாம் தப்பு. அந்த வீடியோவ இன்னைக்கே எடுத்துடறேன். நீங்க பாட வேணாம். அந்த வரி என்னன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. அது இல்லாமலே நாங்க எல்லாரும் இந்தப் பாட்ட மனப்பாடமா வச்சிருக்கோம்."

வாசல்வரை போன சாருலதா நின்றார். திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு வந்து உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"மொதல்லேர்ந்து பாடுங்கோ."

பாடினார்கள். மழை அடித்தது, நனைந்தாயிற்று. பழகிய இடத்தில் எல்லோரும் தாமாகவே நிறுத்தினார்கள். அந்த இடத்தில், கொஞ்சம் கரகரத்து, ஆனால் சுருதி பிசகாமல் சாருலதாவின் குரல் வந்தது.

"இங்கே ஒருத்தி பாடுறேன், அங்கே கேக்குதா?"

அடுத்த வரியை யாரும் எடுக்கவில்லை.

"கேக்குதும்மா," என்றார் புஷ்பம். "நல்லாவே கேக்குது."