கேனர் எங்கே ஊதலாம்?

எங்கள் கிளப்பில் கேனர் பிரிச்சர்டைத் தெரியாதவர்கள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் பிங்கோ ஆட்டம் தொடங்குவதற்கு வெகு முன்பே வந்து, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரை ஒட்டிய மேசையில் கோட்டைக் கழற்றிப் போட்டு இரண்டு நாற்காலிகளைப் பிடித்துவிடுவாள். ஒன்று அவளுக்கு, இன்னொன்று அவள் தோழி டெலித்துக்கு. பாருக்குப் பின்னால் நின்று பீர் ஊற்றிக்கொடுப்பது என் வேலை. இத்தனை வருஷத்தில் அந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்று மட்டும் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. போன நவம்பர் வரைக்கும்.

அவர்கள் சிநேகம் தையல் ஆலையில் ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தை விட்டதும் இருவரும் அடுத்தடுத்த மெஷினில் உட்கார்ந்தார்கள். அங்கே ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. சிகரெட் பிடிக்கிறவர்கள் வேலைக்கு நடுவே கொஞ்ச நேரம் வெளியே போய் வரலாம். பிடிக்காதவர்கள் மெஷினை விட்டு எழுந்திருக்கக் கூடாது. முதுகை நிமிர்த்த வேறு வழி தெரியாமல் கேனர் சிகரெட் பிடிக்கப் பழகினாள். டெலித்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் பழகிவிட்டதாகச் சூப்பர்வைசரிடம் புளுகிவிட்டு, கேனரோடு போய்ப் பேசிக்கொண்டு நிற்பாள். ஆலையை மூடிய பிறகு கேனர் பள்ளிக்கூடச் சமையலறைக்கும், டெலித் தபால் ஆபீசுக்கும் போனார்கள். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், விவாகரத்து என்று கேனரின் வாழ்க்கையில் எதெதுவோ வந்து போயிற்று. சிகரெட் மட்டும் நிலைத்து நின்றது.

அதை அவள் விட்ட கதை ஊருக்கே தெரியும். கடைத்தெருவிலிருந்து மேட்டில் ஏறி வரும்போது பாதி வழியில் மூச்சு முட்டி, யாரோ வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வீட்டுக்காரி தேநீர் போட்டுக் கொடுத்தாள். மறுநாள் டாக்டரின் கிளினிக்கில் நர்ஸ் அவள் கையில் ஒரு வேப்பை, அதாவது புகைக்குப் பதில் ஆவி வரும் மின்சிகரெட்டை, கொடுத்து, "இதை எவ்வளவு வேணா இழுங்க. ஆனா ஒரே ஒரு சிகரெட்டைத் தொட்டீங்கன்னாலும் பழையபடி ஆயிடும். உங்க நெஞ்சு அதைத் தாங்காது" என்று சொல்லி அனுப்பினாள். கேனர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். இரண்டு குளிர்காலம் தாண்டிவிட்டாள். பெருமை தாங்கவில்லை அவளுக்கு. மேட்டை இரண்டு தடவை ஏறி இறங்கிக் காட்டுவாள்.

அதற்குப் பிறகுதான் குழப்பம். சிகரெட் என்றால் எல்லாருக்கும் தெரியும்: கட்டடத்துக்குள்ளே கூடாது, அவ்வளவுதான். இந்த வேப்பைப் பற்றிச் சட்டம் வாயே திறக்கவில்லை. அவரவர் கட்டடம், அவரவர் இஷ்டம். ஆஸ்பத்திரியில் ஒரு சுவரில் 'வேப்புக்கு மாறுங்கள்' என்று படம் போட்டிருக்கிறது, அதற்குப் பக்கத்துக் கதவிலேயே 'வேப் கூடாது' என்று எழுதியிருக்கிறது. கீழ்த்தெரு மதுக்கடையில் பாரில் நின்றால் ஊதலாம், சாப்பாட்டு மேசையில் கூடாது. பாரில் நின்று சிப்ஸ் தின்றால் என்ன கணக்கு என்று கேனர் கேட்டாள். அங்கே இருந்தவனுக்கும் தெரியவில்லை. மகள் வீட்டில் அடுப்புக்கு மேலே இருக்கும் விசிறியைப் போட்டுவிட்டு, அதற்கு நேரே தலையை நீட்டி ஊத வேண்டும். மகன் வீட்டிலோ தோட்டத்துக் கோடி. ஒருநாள் என் பாருக்கு வந்து உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நெரிஸ், எனக்கு ஒண்ணுமே புரியலடி. நான் நல்லது பண்றேனா, கெட்டது பண்றேனா?"

"ரெண்டும்தான் போலிருக்கு" என்றேன்.

எங்கள் கிளப்பிலும் அப்போது விதி என்று எதுவும் இல்லை. விதி இல்லாத இடத்தில் மரியாதைதான் விதி என்று கேனர் நினைத்தாள். அதனால் ஒவ்வொரு தடவையும் வாயில் வைப்பதற்கு முன்னால் மேசையில் இருப்பவர்களை ஒவ்வொருவராகக் கேட்பாள். "உங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லையே?" எல்லாரும் ஒரே குரலில், "சேச்சே, நீ பாட்டுக்கு இழும்மா" என்பார்கள். அதிலும் டெலித் குரல்தான் ஓங்கி ஒலிக்கும்.

"எனக்கென்னடி தொந்தரவு? கஸ்டர்ட் மாதிரி நல்ல வாசனைதான் வருது."

இதைக் கேட்டு கேனர் மனம் குளிர்ந்துபோனாள். அதுவரை வாரத்துக்கு ஒரு ருசி வாங்கிக்கொண்டிருந்தவள், தோழிக்குப் பிடித்திருக்கிறதே என்று அன்றிலிருந்து கஸ்டர்ட் தவிர வேறு எதையும் வாங்கவில்லை. டெலித் இருக்கும் பக்கமாகவே ஊதவும் ஊதினாள். டெலித் அடிக்கடி இருமுவாள். கேட்டால் பூ மகரந்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்பாள்.

"நவம்பர் குளிர்லயா?" என்றேன் நான்.

"இந்த வருஷம் அப்பிடித்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போதுதான் கிளப் செயலாளர் எம்லினிடம் யாரோ புகார் சொன்னார்கள். யாரென்று அவர் சொல்லவில்லை. எம்லின் நல்ல மனுஷர். ஆனால் ஒரு விஷயத்தில் முடிவெடுக்கச் சொன்னால் பூசி மெழுகுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கமிட்டி கூடியது, நிறைய பிஸ்கட் தின்றது, கடைசியில் ஒரு விதியைப் போட்டது. மேசையில் இருப்பவர்களைக் கேட்க வேண்டும். யாரும் ஆட்சேபிக்காவிட்டால் ஊதலாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் ஒருவர் காலை இன்னொருவர் மிதித்தால், மிதிபட்டவர்தான் மன்னிப்புக் கேட்பார். இப்படிப்பட்ட ஜனங்களிடம் போய் ஆட்சேபம் உண்டா என்று கேட்டால் என்ன பதில் வரும்? கேனர் கேட்டாள். எல்லாரும் "இல்லவே இல்லை" என்றார்கள். டெலித், "ஏன்டி ஒவ்வொரு தடவையும் கேக்கற, உன்னோட எனக்கென்ன சம்பிரதாயம்?" என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டாள். இரண்டாம் வாரமே எம்லின் தலையைச் சொறிந்துகொண்டு அவர்கள் மேசைக்கு வந்தார்.

"கேனர், மறுபடியும் ஒரு புகார் வந்திருக்கும்மா."

"நான்தான் கேட்டேனே! யாரும் ஆட்சேபிக்கலையே!"

"மேசையில ஆட்சேபிக்கல. என்கிட்ட வந்து ஆட்சேபிச்சிருக்காங்க."

"அப்ப நான் யாரைத்தான் கேக்கறது? உங்களையா?"

எம்லின் என்னைப் பார்த்தார். நான் கிளாஸைத் துடைத்தேன். கடைசியில் அவர் மென்று முழுங்கி, இனிமேல் வேப் இழுப்பதென்றால் பின்பக்கத்துக் கொட்டகைக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். கேனருக்கு முகம் சிவந்துவிட்டது.

"அது சிகரெட்காரங்க கொட்டகை, எம்லின். நான் அதை விட்டு வெளிய வந்தவ. குடியை விட்டவனைக் கொண்டுபோய் சாராயக் கடையில உக்கார வைப்பீங்களா?"

"விதியை நான் மட்டும் போடலையேம்மா" என்றார் அவர்.

அவள் போனாள். டெலித் பிங்கோ சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் வந்த ஞாயிறுகளில் ரேடியேட்டர் பக்கத்து மேசையில் ஒரு நாற்காலி பாதி நேரம் காலியாகவே கிடந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் கொட்டகையில் கேனர் தெரிவாள். சுற்றிலும் உண்மையான புகை, நடுவில் அவளுடைய கஸ்டர்ட் ஆவி. அங்கே யாரும் அவளை எதுவும் கேட்பதில்லை, அவளும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவளுக்கு அது பிடித்துப் போகிறதோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

அப்புறம் ஒரு ஞாயிறு. நல்ல மழை. காலி கிளாஸ்களைப் பொறுக்கக் கொட்டகைக்குப் போயிருந்தேன். கேனர் வேப்பை உள்ளங்கையில் தட்டித் தட்டிப் பார்த்தாள். சார்ஜ் போய்விட்டது. பக்கத்தில் வில்ஃப் நின்றான். லாரி ஓட்டுகிறவன், தங்கமான ஆள், யாராவது பையைத் தடவினாலே சிகரெட் பாக்கெட்டை நீட்டிவிடுவான். நீட்டினான்.

"வேண்டாம் வில்ஃப்" என்றாள் கேனர். பிறகு எடுத்துக்கொண்டாள்.

"கேனர்!" என்றேன்.

"விடுடி. எனக்கு அலுத்துப்போச்சு. சிகரெட்டுன்னா எங்க பிடிக்கலாம், எங்க கூடாதுன்னு ஊருக்கே தெரியும். இந்தச் சனியனை வச்சுக்கிட்டு நான் ஒவ்வொருத்தர் மூஞ்சியையும் பாத்துக்கிட்டுத் திரியறேன். கேட்டா சரிங்கறாங்க. முதுகுக்குப் பின்னாடி போய்ப் புகார் குடுக்கறாங்க. நான் என்னதான் பண்ணட்டும்?"

வில்ஃப் லைட்டரைத் தட்டினான். காற்றில் அணைந்தது. மறுபடி தட்டினான். அப்போது பின்கதவு திறந்தது. கோட்டுகூடப் போடாமல் டெலித் மழையில் ஓடிவந்தாள். ஓடிவந்தாள் என்று சொல்லக் கூடாது. நாலு எட்டு வைத்ததும் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மூச்சு விசில் அடித்தது. பேச்சு வர நேரமாயிற்று.

"அதைப் பத்த வைக்காத. நான்தான்டி எம்லின்கிட்ட சொன்னேன். ரெண்டு தடவையும் நான்தான்."

கேனருக்குப் புரியவில்லை. சிகரெட் உதட்டில் அப்படியே இருந்தது. "என்னத்தைச் சொன்ன?"

"உன் வேப்பைப் பத்தி. என்னால அது பக்கத்துல உக்கார முடியலடி. அந்தக் கஸ்டர்ட் வாசனை வந்தாலே எனக்கு மூச்சடைக்குது."

"நல்ல வாசனைன்னு நீதானே சொன்ன! உனக்குப் பிடிக்கும்னுதானே அதையே வாங்கினேன்!"

"மூஞ்சிக்கு நேரா கேட்டா வேற என்ன சொல்றது?"

வில்ஃப் லைட்டரைப் பையில் போட்டுக்கொண்டான். டெலித் கார்டிகன் ஸ்வெட்டர் பையிலிருந்து ஒரு நீல இன்ஹேலரை எடுத்து வாயில் வைத்து இழுத்தாள். அப்படி ஒன்று அவளிடம் இருப்பது எங்கள் யாருக்கும் தெரியாது. கழிப்பறையில் போய்த்தான் இழுத்துவிட்டு வருவாளாம்.

"எப்ப இருந்து?" என்றாள் கேனர்.

"கோடையில இருந்து. நுரையீரல் போச்சாம். எவ்வளவு நாளா சிகரெட் பிடிக்கறீங்கன்னு டாக்டர் கேட்டாரு. பிடிச்சதே இல்லன்னேன். அவர் நம்பல."

கேனர் சிகரெட்டை உதட்டிலிருந்து எடுத்தாள். அவள் மனதில் என்ன ஓடியது என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. ஆலை, பஸ், இதே கிளப், வீட்டுச் சமையலறை, எல்லா இடத்திலும் பக்கத்தில் டெலித்.

"உன்கிட்ட சொன்னா நீ இதைத்தான் யோசிப்ப" என்றாள் டெலித். "அதான் சொல்லல. வேப்பை மட்டும் வேற எங்கயாவது வச்சுக்கச் சொல்லுவாங்கன்னு நினைச்சேன். இங்க கொண்டுவந்து நிறுத்துவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கேனர் அழத் தொடங்கிவிட்டாள்.

"அந்தக் காலத்துலயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி. தொந்தரவா இருக்குன்னு ஒரே ஒரு வார்த்தை."

"அந்தக் காலத்துல நீ கேக்கவே இல்லையேடி" என்றாள் டெலித்.

அதில் குற்றச்சாட்டே இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். கேனர் சிகரெட்டை வில்ஃபிடம் திருப்பிக் கொடுத்தாள். வில்ஃப் எதற்கென்று தெரியாமலே அவளிடம் மன்னிப்புக் கேட்டான். கேனர் தன் கோட்டைக் கழற்றி டெலித்தின் தோளில் போட்டு, அவளைப் புகையில்லாத பக்கமாக நகர்த்தி நிறுத்திவிட்டு, தான் மழையில் நனைந்துகொண்டு நின்றாள்.