அலமாரி மேல் ஒரு காபித்தூள் டப்பா

என் வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்காது. வேலை லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க யார் யார் கட்டடத்திலோ இருட்டுக் குழிக்குள் தொங்கிவிட்டு, கிரீஸ் நாற்றத்தோடு வீடு திரும்புகிற மனிதர் காலை நீட்டிப் படுத்தால் யாராவது வேண்டாம் என்பார்களா? படுக்க மாட்டார். ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவார், எதைக் கழற்றலாம் என்று.

கழற்றியதில் பாதி திரும்பச் சேர்ந்ததில்லை. மழை வந்தால் மணியடிக்கும் என்று ஒரு கருவி செய்து பால்கனிக் கம்பியில் கட்டினார். நான் ஈரத்துணி காயப்போடும்போதெல்லாம் அது ஊரைக் கூட்டியது; மழைக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. கட்டிலுக்கடியில் காளான் வளர்த்தார். பல்பைச் சுற்றும் பூச்சிகளைப் பக்கத்தில் போய்ப் படம் எடுத்து, பெரிதாக்கி, சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினார். தைக்கக் கொடுக்க வந்தவர்கள் அந்த முடி முளைத்த காலையும் பிதுங்கிய கண்ணையும் பார்த்துவிட்டு உட்காரவே கூசினார்கள். நான்தான் கழற்றிப் பரணில் போட்டேன். மனிதர் ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

நான் தையல்காரி. அந்த முன்னறைதான் என் கடை. ஜன்னலோரம் மெஷின், அதற்கு எதிரே பழைய மர அலமாரி, ஓரத்தில் ஒரு திரை. பெண்கள் வருவார்கள், அளவு கொடுப்பார்கள், தைத்ததைத் திரைக்குப் பின்னால் போட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்து கையைத் தூக்கிக் காட்டுவார்கள். இந்த அறைக்குள் வந்தால் கூச்சப்பட வேண்டாம், பயப்பட வேண்டாம் என்ற நம்பிக்கையில் ஓடுகிற தொழில் இது. அது போனால் மெஷினை எடைக்குப் போட வேண்டியதுதான்.

டப்பா விவகாரம் ஆரம்பித்தது என் சமையலறையில். முதலில் பால் பவுடர் டப்பா காணாமல் போனது. அப்புறம் காபித்தூள் டப்பா. தூளை ஒரு கிண்ணத்தில் கொட்டி வைத்துவிட்டு டப்பாவை மட்டும் யாரோ தூக்கிப் போயிருந்தார்கள். யாரோ என்ன யாரோ. இவர் அதே வாரம் யாரிடமோ இருந்து தேதி முடிந்துபோன போட்டோ பேப்பர் ஒரு கட்டு வாங்கி வந்திருந்தார். கருப்பு டேப், ஊசி, கத்திரி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி விளக்கையும் அணைத்துக்கொண்டார். கதவிடுக்கில் துண்டு வேறு திணித்திருந்தார். விளக்கணைத்த குளியலறையில் ஒரு ஆம்பளை டப்பாவோடு என்ன செய்வார்? கேட்டதற்கு, முடிந்ததும் சொல்கிறேன் என்று மென்று விழுங்கினார். அவர் அப்படிச் சொன்ன எதுவும் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. அதனால் விட்டுவிட்டேன். மாதங்கள் ஓடிப்போயின. எனக்கும் மறந்துபோனது.

எதிர்க் கட்டடத்தில் ஒரு நர்ஸ் இருக்கிறாள். இரவுப் பணி முடிந்து வந்து பகலில் தூங்குகிற பெண். ஒரு விடுமுறை நாளில் திரையை இழுத்து மூடப் போனவள், எங்கள் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கருப்பாக ஏதோ கட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறாள். சுற்றிலும் டேப் ஒட்டிய ஒரு டப்பா. அதில் ஊசிமுனை அளவு ஓட்டை. ஓட்டை நேராக அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எங்கள் குடியிருப்புச் சங்கத்துச் செயலாளருக்கு இது போதாதா? பணி ஓய்வு பெற்றவர். யார் வீட்டுக் குழாய் சொட்டுகிறது, யார் வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருக்கிறவர். உச்சி வெயிலில் மாடியில் கட்டடமே கூடிவிட்டது. ஒருத்தர் வெடிகுண்டு என்றார். ஒருத்தர் செல்போன் சிக்னல் திருடுகிற சாமான் என்றார். இவர் குளித்த தலையைத் துவட்டக்கூட இல்லாமல் ஓடி வந்தார். வெயில் அளக்கிற டப்பா என்று ஏதாவது உளறியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். கூட்டத்தைப் பார்த்ததும் மனிதருக்குப் பெருமை பொத்துக்கொண்டு வந்தது.

"அது கேமரா சார். நானே செஞ்சது," என்றார்.

நர்ஸ் திரும்பித் தன் ஜன்னலைப் பார்த்தாள். செயலாளர் குழாயிலிருந்து டப்பாவைப் பிடுங்கினார்.

"வெயில்ல திறக்காதீங்க சார். நிழலுக்கு வாங்க, காட்டறேன்," என்று இவர் கெஞ்சினார்.

"ஏன், வெளிச்சத்துல பார்த்தா என்ன தெரிஞ்சிடும்?" என்று செயலாளர் டேப்பைக் கிழித்தார்.

உள்ளே சுருண்டு கிடந்தது ஒரு காகிதம். ஊதாவும் பழுப்புமாக ஏதோ நிறம். அதன் மேல் சீப்பால் வாரிவிட்டதுபோல் வளைவு வளைவாகக் கோடுகள். தினம் சூரியன் போன பாதைதான் அந்தக் கோடுகள் என்றார் இவர். யார் காதில் விழுந்தது? காகிதம் கை மாறியது. ஒருத்தர் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அதில் ஒரு ஆள் தெரிகிறது என்றார். இன்னொருத்தர் தன் வீட்டுப் பால்கனிதான் அது என்று அடித்துச் சொன்னார். இவர்கள் வாதாட வாதாட, வெயில் பட்ட காகிதம் கறுத்துக்கொண்டே போனது. நர்ஸ் கைக்குப் போய்ச் சேர்ந்தபோது கத்தரிக்காய்த் தோல் மாதிரி ஒரே நிறம். கோடும் இல்லை, பால்கனியும் இல்லை.

"பார்த்தீங்களா, அழிஞ்சு போற மாதிரி செட் பண்ணி வெச்சிருக்காரு," என்றார் செயலாளர்.

இவர் காகிதத்தைத் தொடக்கூட இல்லை. ஆனாலும் பழி அவர் தலையில்தான் விழுந்தது. வேறு எங்காவது இப்படி வைத்திருக்கிறீர்களா என்று செயலாளர் அதட்டினார். இவர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். பிறகு இல்லை என்றார். இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் நடத்துகிறவளுக்குத் தெரியாதா? அந்த 'இல்லை'யில் உப்புச் சப்பே இல்லை.

அடுத்த நாளிலிருந்து என் வாசலுக்கு ஆள் வரவில்லை. ஒருத்தி பாதி தைத்த துணியைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டாள், அவசரமில்லையாம். ஒருத்தி, போட்டுப் பார்ப்பதை இனி அவள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா என்றாள், என் கண்ணைப் பார்க்காமல். செயலாளரின் மனைவி வாரம் தவறாமல் வருகிறவர். கை கொஞ்சம் இறுக்கம், கழுத்து கொஞ்சம் அகலம் என்று உயிரை எடுப்பார். அவரும் படியில் என்னைக் கண்டதும் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். விஷயம் எப்படியோ என் அண்ணன் காதுக்கும் போய், கிளம்பி வந்துவிடு என்று போன் வந்தது. நான் போனை வைத்துவிட்டேன். என் ஆத்திரமெல்லாம் அந்த 'இல்லை' மேல்தான். பால் பவுடர் டப்பா மாடியில் கிடைத்துவிட்டது. அப்படியானால் என் காபித்தூள் டப்பா எங்கே?

அவர் வேலைக்குப் போனதும் வீட்டைப் புரட்டிப் போட்டேன். பரண், கட்டிலடி, பால்கனி எதிலும் இல்லை. கடைசியில் நாற்காலி போட்டு என் தையல் அறை அலமாரி மேல் எட்டிப் பார்த்தேன். ரெண்டு பழைய பெட்டிகளுக்கு நடுவில் கருப்பாக உட்கார்ந்திருந்தது. அதன் ஓட்டை என் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தது. மெஷினுக்குப் பக்கத்தில் திரை.

நாற்காலியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. டப்பாவைத் தொடவில்லை. அவர் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் நாற்காலியைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார்.

"பொம்பளைங்க வந்து போற ரூம்ங்க இது. உங்களுக்கு அறிவிருக்கா?"

"அதுல ஆளுங்க விழமாட்டாங்கம்மா. மாசக்கணக்கா திறந்து கிடக்கற ஓட்டை. அசையாம ஒரே இடத்துல கிடக்கறதுதான் பதியும். வந்து போறவங்க யாரும் பதிய மாட்டாங்க. அதனால எனக்கு அது தப்பாவே தோணல."

"அப்புறம் ஏன் அவங்க கிட்ட இல்லன்னு சொன்னீங்க?"

"சொல்லியிருந்தா இதையும் வெயில்ல கொண்டுபோய்க் கிழிச்சிருப்பாங்க. இது கெட்டுப்போகக் கூடாது."

இதில் மட்டும் அப்படி என்ன இருக்கிறது என்றேன். அவர் கையிலிருந்த கிரீஸைத் துடைக்க ஆரம்பித்தார். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்ற வேறு ஆள் வேண்டுமா? அதில் ஒரே ஒரு முகம் தெரிந்தாலும் மறு பஸ்ஸில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்றேன். சரி என்று தலையை ஆட்டினார்.

தனியாகத் திறந்து பார்க்கலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். பெண்கள் யாரையாவது கூப்பிட்டுத் திறந்து, உள்ளே ஏதாவது இருந்துவிட்டால் என் தொழில் அன்றோடு போச்சு. தனியாகப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நானே என்னை நம்ப மாட்டேன். போய் நர்ஸையும் செயலாளரின் மனைவியையும் கூட்டி வந்தேன். இருவரும் அறைக்குள் வந்து, உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

ஜன்னலைப் போர்வையால் மூடினேன். இவரைக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எதிர்ச் சுவரோரம் நிற்கச் சொன்னேன். டேப்பை நர்ஸே உரித்தாள். கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் இருக்கும், போனில் படம் எடுத்து மாற்றினால்தான் புரியும் என்றார் இவர். அவர் போனில் எடுக்க நர்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. தன் போனில் எடுத்தாள். எதை அமுக்க வேண்டும் என்று இவர் சுவரோரமிருந்தே சொல்லச் சொல்ல, அவள் அமுக்கினாள்.

படம் திரும்பியது. ஜன்னல் தகதகவென்று வெள்ளையாக இருந்தது. தரையில் வெயில் விழுந்த தடம் பட்டை பட்டையாக. என் மெஷின், அதன் சக்கரம், ஆணியில் தொங்குகிற பெரிய கத்தரிக்கோல், திரை மாட்டிய கம்பி, எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. ஆள் ஒருத்தர்கூட இல்லை.

செயலாளரின் மனைவி போனை வாங்கி விரலால் பெரிதாக்கினார். மூலை மூலையாகத் தேடினார்.

"நான் வாரா வாரம் வந்தேனே? இங்கதானே நின்னேன்? என்னைக் காணோமே?" என்றார். கல்யாண ஆல்பத்தில் தன்னை விட்டுவிட்டார்கள் என்று கோபித்துக்கொள்கிறவர் மாதிரி இருந்தது அந்தக் குரல். இத்தனை நாளும் அதில் விழுந்துவிட்டோமோ என்று பயந்தவருக்கு, விழவில்லை என்றதும் மனசு தாங்கவில்லை. நர்ஸ் அன்றுதான் முதல் தடவையாகச் சிரித்தாள்.

சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். மெஷினுக்குப் பின்னால் புகை மாதிரி ஒன்று இருந்தது. கழுத்து குனிந்த ஒரு உருவம். கண்ணில்லை, மூக்கில்லை.

"இது யாரு அக்கா?"

எனக்குத் தெரியவில்லை. எதிர்ச் சுவரோரம் நின்றவர்தான் சொன்னார்.

"அவதான். காலையில உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் அங்கயேதான் இருப்பா. அவ மட்டும் விழுவாளான்னு பார்க்கத்தான் வெச்சேன்."

செயலாளரின் மனைவி போகும்போது ஒரு துணியை வைத்துவிட்டுப் போனார், கை மட்டும் இறுக்கமில்லாமல் இருக்கட்டும் என்று. மற்றவர்களும் மெல்ல மெல்ல வருவார்கள் என்று எனக்குத் தெரியும். நர்ஸ் படத்தை என் போனுக்கு அனுப்பிவிட்டுத் தூங்கப் போனாள்.

நான் போர்வையை விலக்கிவிட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டாம் என்பதில் நிம்மதிதான். ஆனாலும் போனைக் கீழே வைக்க முடியவில்லை. வந்தவர்கள், சிரித்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். படத்தில் மெஷினும் கத்தரிக்கோலும் நானும் மட்டும் மிச்சம். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது.

"என்னங்க, நீங்களும் இந்த வீட்லதானே இருக்கீங்க? இதுல உங்களைக் காணோமே?"

போனை வாங்கிப் பார்த்தார். செயலாளரின் மனைவியைப் போலவே மூலை மூலையாகப் பெரிதாக்கினார். ரொம்ப நேரம் தேடினார்.

"நான் வந்து போய்க்கிட்டேதானே இருந்தேன்," என்றார், குரல் இறங்கி.

கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. ரெண்டையும் விழுங்கிக்கொண்டு ஒரு தீர்ப்புச் சொன்னேன். இந்த அறைக்குள் இனி எந்த டப்பாவும் வரக்கூடாது. அவ்வளவு ஆசையாக இருந்தால் புதுக் காகிதம் போட்டுச் சமையலறையில் வைக்கலாம், அடுப்பைப் பார்த்து. அதில் அவர் உருவம் விழ வேண்டும்.

"அதுக்கு தினமும் அங்கயே நிக்கணுமேம்மா," என்றார்.

"நில்லுங்க," என்றேன்.

லீவு நாளில் டப்பா சமையலறை அலமாரித் தட்டின் மேல் ஏறியது. இவர் வெங்காயத்தை எடுத்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் நின்றார். நான் செயலாளர் மனைவியின் துணியை வெட்ட உட்கார்ந்தேன். நடுநடுவே எழுந்துபோய் எட்டிப் பார்த்துக்கொண்டேன், ஆள் நிற்கிறாரா என்று.