வங்கி வெள்ளவத்தைக்கு வந்த வருடம்

கொழும்பின் வெள்ளவத்தையில் எங்கள் வங்கி கிளை திறக்கப்போகிறது என்று முடிவானபோது, கோட்டை அலுவலகத்தில் ஒழுங்காகத் தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் வங்கியின் வரலாறு என் தலையில் விழுந்தது. வழவழப்பான தாளில் ஆங்கிலத்தில் அச்சிட்ட சிறு புத்தகம். அதைத் தமிழாக்கித் தந்தால் திறப்பு விழாவுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு பிரதி கொடுக்கலாம் என்றார் மனேஜர்.

படிக்கப் படிக்க எனக்குப் பொறாமையாக இருந்தது. கப்பலேறி வந்த வங்கி. முதலில் கோப்பித் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்தது. கோப்பி பட்டுப்போனதும் தேயிலையோடு ஒட்டிக்கொண்டது. கிழக்கே துறைமுகம் துறைமுகமாகக் கடை விரித்தது. உலகப் போரில் ஒரு நகரத்தில் கதவைச் சாத்திவிட்டுப் போய், போர் முடிந்ததும் அதே தெருவில் மறுபடி திறந்தது. ஏன் இங்கே வந்தாய், எத்தனை நாள் தங்குவாய் என்று அதை ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. தமிழரான எங்களுக்கோ, வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று பொலிஸில் பதிந்த துண்டு இல்லாமல் கடைக்குப் பாண் வாங்கப் போகவும் பயம். இத்தனைக்கும் அது வெள்ளவத்தைக்கு வந்ததே எங்களால்தான். சண்டைக்குப் பயந்து வெளிநாடுகளுக்கு ஓடிப்போன பிள்ளைகள் அனுப்பும் காசு இந்தக் குறுக்குத் தெரு ஒழுங்கைகளில்தான் வந்து இறங்கியது.

கடைசிப் பக்கத்தில் ஒரு வசனம் இருந்தது. எத்தனையோ நெருக்கடிகளில் வாடிக்கையாளருடன் நின்றிருக்கிறோம் என்ற பழம்பெருமை. நான் என் கெட்டித்தனத்தைக் காட்டி, 'உங்களுக்கு ஒரு நெருக்கடி என்றால் உங்கள் பக்கத்தில் நிற்போம்' என்று எழுதினேன். வாசிக்கிறவர்களின் மனதில் பதியட்டும் என்றுதான். மனேஜருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அச்சில் பார்த்தபோது எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

கிளை திறந்ததும் மனேஜரையும் என்னையும் அங்கேயே மாற்றினார்கள். என் வீட்டிலிருந்து நடை தூரம். கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில், ஒரு வீட்டை இரண்டாகப் பிரித்த பாதியில் நானும் கணவரும் இருந்தோம். மற்றப் பாதியில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரும் அவருடைய மகளும். மகளுக்குக் கனடாவில் கலியாணம் பேசி, விசாவுக்காகக் காத்திருந்தார்கள். முதல் நாளே வந்து கணக்குத் திறந்தவர் அந்த அக்கா. புத்தகத்தை ஒரு எழுத்து விடாமல் வாசித்ததாகச் சொன்னார்.

மூன்றாம் மாதம், கொட்டாஞ்சேனையில் கொம்பியூட்டர் வகுப்பு முடிந்து பஸ்ஸில் வந்த மகளைச் சோதனைச் சாவடியில் இறக்கிக் கொண்டுபோய்விட்டார்கள். பொலிஸ் துண்டில் முகவரி பிழையாம். மறுநாள் காலை நான் வேலைக்கு வெளிக்கிடும்போது அக்கா கதவடியில் நின்றார். பிள்ளையைத் தெரியும் என்று வங்கி ஒரு கடிதம் தந்தால் போதும் என்றார். அவர் கேட்டதில் பிழையில்லை. முந்தின வருடம் ஒரு சுற்றிவளைப்பில் என் கணவரைப் பிடித்தபோது, மனேஜர் வங்கியின் கடிதத்தாளில் எழுதித் தந்த நாலு வரியைப் பார்த்து அன்று பின்னேரமே விட்டுவிட்டார்கள். அது ஒழுங்கை முழுக்கத் தெரிந்த கதை.

மனேஜரிடம் கேட்டேன். நல்ல மனிதர், அதுதான் கரைச்சல். கெட்டவரென்றால் மனதுக்குள் திட்டிவிட்டுப் போகலாம். ஊழியருக்கும் அவர்களுடைய குடும்பத்துக்கும் மட்டும்தான் கடிதம், வாடிக்கையாளருக்குக் கொடுக்கத் தொடங்கினால் வெள்ளவத்தையே வரிசையில் வந்து நிற்கும், வெளிநாட்டுத் தலைமையகம் கேள்வி கேட்கும் என்றார். கெஞ்சினேன். பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, என் கணவருக்கு இன்னொரு தரம் கடிதம் தேவைப்படலாம், அந்த வழியை நானே அடைத்துக்கொள்ளக் கூடாது என்றார். மிரட்டவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். நான் மேசைக்குத் திரும்பினேன்.

பின்னேரம் அக்காவிடம் முடியாது என்றேன். மனேஜரின் நியாயங்களையே திருப்பிச் சொன்னேன். அவர் உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து கடைசிப் பக்கத்தை விரித்தார்.

"இது நீங்கள் எழுதினதுதானே, தங்கச்சி?"

"ஓம், அக்கா."

"நான் இதை நம்பித்தான் உங்களிட்ட வந்தனான்."

"பாங்கில எழுதச் சொன்னவை, எழுதினனான்" என்றேன்.

அது பொய். அப்படி எழுதும்படி யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஏழு கிழமைக்குப் பிறகு ஒரு சட்டத்தரணி அலைந்து திரிந்து மகளை வெளியே எடுத்தார். வாசலில் இறங்கியபோது பாதி ஆளாக இருந்தாள். வழக்கு முடியும்வரை நாட்டை விட்டுப் போக முடியாது என்றார்கள். கனடாக்காரர்கள் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு இடம் பார்த்தார்கள்.

அக்காவின் முகத்தில் முழிக்க வெட்கமாக இருந்தது. வேறு வீடு தேடினேன். அடையாள அட்டையில் பிறந்த ஊர் தமிழ் ஊரென்று பார்த்ததும் வீட்டுக்காரர்கள் வீடு கொடுத்தாகிவிட்டது என்பார்கள். அக்காவும் தேடினார், அவருக்கும் அதே பதில். வழக்கு இழுபட்ட இரண்டு வருடத்தில் வங்கி இன்னும் எங்கெங்கோ கிளை திறந்தது. நாங்கள் இரண்டு குடும்பமும் ஒரு சுவரின் இரண்டு பக்கமும் கிடந்தோம். இந்தப் பக்கம் நாங்கள் சிரித்தால் அந்தப் பக்கம் கேட்கும் என்று சிரிப்பதையே குறைத்துக்கொண்டோம்.

வீடு இரண்டென்றாலும் தெருவாசல் கேற் ஒன்றுதான், அதுவும் ஒடுக்கமானது. வழக்குக்கும் பொலிஸில் கையெழுத்துப் போடவும் மகளைக் கூட்டிக்கொண்டு அவர் வெளிக்கிடுவதும் நான் வேலைக்குப் போவதும் ஒரே நேரம். அவர் சண்டை பிடித்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும். ஒருநாளும் பிடிக்கவில்லை. மகளின் கையைப் பிடித்து மதிலோரம் ஒதுக்கிவிட்டு எனக்கு வழி விடுவார்.

"நீங்கள் முதல்ல போங்கோ, மிஸ். உங்களுக்கு பாங்குக்கு நேரம் போகுது."