இரண்டாவது நிலா

ஒரு நாள் மாலை ஆறரை மணிக்கு, நான் ஆடிக்கொண்டிருந்த விளையாட்டின் வானத்தில் இரண்டு நிலாக்கள் தெரிந்தன. அந்த உலகத்தின் வடபகுதியில் எப்போதும் இரவுதான். ஆனால் நிலா ஒன்றுதான்.

நான் மென்பொருள் சோதிப்பவள். ஆரணியில் வீட்டிலிருந்தே வேலை. பிறர் எழுதிய செயலிகளில் பிழை தேடி, அது எந்தப் படியில் வந்தது என்று வரிசையாக எழுதி அனுப்ப வேண்டும். நிலாவையும் அப்படியே எழுதி, விளையாட்டைத் தயாரித்தவர்களுக்கு அனுப்பினேன். ஸ்கிரீன்ஷாட் கேட்டார்கள். எடுத்து வைத்திருந்ததை மறுநாள் காலை திறந்தேன். அதில் ஒரு நிலாதான் இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பிழையை மறுபடி வரவழைத்துக் காட்ட முடியாவிட்டால், அதன்மேல் கோடு போட்டு மூடிவிடுவோம். நிலாவின் மேலும் கோடு போட்டேன். அந்தக் கோட்டினால் நான்கு மாதங்கள் போயின. பெயர் தெரியாத ஒரு களைப்போடு இதைப் படிப்பவர்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும்.

விளையாட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒற்றை ஆள் ஆடும் மாய உலகக் கதை அது. கையில் ஈட்டியோடு ஒரு பெண் மலை, காடு, இடிந்த கோட்டை என்று தனியாக நடப்பாள். அவளை நடத்துவது நான். அவளுடைய தெம்பு திரையின் கீழே ஒரு பச்சைக் கோடாகத் தெரியும். ஓடினால் குறையும், ஏறினால் இன்னும் வேகமாகக் குறையும். தீர்ந்துவிட்டால் வழுக்கி விழுவாள். வழியில் ஆங்காங்கே கல்விளக்குகள் இருக்கும். ஒன்றின் அருகே உட்கார வைத்தால் கோடு நிரம்பும்.

கூட்டமாக ஆடும் விளையாட்டுகளையும் ஆடியிருக்கிறேன். அங்கே நான் ஒரு நிமிடம் தாமதித்தால் நான்கு பேர் திட்டுவார்கள். இங்கே திட்ட ஆளில்லை. "தலைநகரம் எரிகிறது, உடனே வா" என்று ஓலை வரும். முப்பது நாள் மூலிகை பறித்துவிட்டுப் போனாலும், அதே நெருப்பு அதே உயரத்தில் எரிந்துகொண்டிருக்கும். அவசரம் என்று சொல்லப்பட்டாலும் உண்மையில் அவசரம் இல்லாத இடம் அது ஒன்றுதான். வேலை முடிந்த மாலைகளில் எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

அம்மா பட்டு நெய்பவள். முன்னறையில் தறி. வெளிச்சம் குறைந்ததும் எழுந்து வந்து என் பக்கத்தில் காலை நீட்டி உட்காருவாள்.

"இன்னாடி, ஆடிகினே தூங்கறியா? ஒரு கண்ணு பாதி ஷட்டர் எறக்கின கடை மாதிரி கீது."

"கம்ப்யூட்டர் பாத்து அசந்துட்சும்மா."

காலையில் கண்ணாடி முன்னால் நின்றால் இரண்டு இமைகளும் சமமாக இருக்கும்.

கைப்பேசியில் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். இடது இமை இறங்குகிறது. பரோட்டாவைப் பாதி மெல்லும்போதே தாடை நின்றுவிடுகிறது. தலை வாரும்போது கை தானாகக் கீழே வருகிறது. மாலைக் கூட்டங்களில் குரல் மூக்கால் வருகிறது. ஒவ்வொன்றையும் மறுநாள் காலை எழுந்ததும் சோதிப்பேன். வராது. கோடு போட்டுவிடுவேன்.

ஊரிலேயே ஒரு கண் மருத்துவரிடம் போனோம். காலை பத்து மணி. உள்ளே போவதற்கு முன் அம்மாவிடம், "நீ எதுவும் பேசாத, நான் லிஸ்ட் வெச்சிருக்கேன்" என்றேன். பட்டியலில் கோடு விழாமல் மிஞ்சியிருந்தவை இரண்டுதான்: தலைவலி, களைப்பு. சொட்டு மருந்து தந்து அனுப்பினார். அவர் மேல் குறையில்லை. நான் சொன்னதற்கு அவர் மருந்து கொடுத்தார்.

பிறகு ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில், விழுங்கிய ரசம் மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. இருமக்கூடத் தெம்பில்லை. அம்மா முதுகைத் தட்டியபடி அழுதாள். பிறகு கோபப்பட்டாள்.

"போதும் உன் லிஸ்ட்டு. பேஜாரா பூடுச்சு. காலைல வேலூர் போறோம்."

வேலூர் மருத்துவமனையில் காலையிலேயே டோக்கன் வாங்கியும், நரம்பியல் மருத்துவரைப் பார்க்கும் முறை நான்கு மணிக்குத்தான் வந்தது. நாள் முழுக்க நடைபாதை நாற்காலியில் தலையைக் கையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தத் தாமதம் எனக்கு நல்லதாயிற்று. காலையில் பார்த்திருந்தால் அவரையும் ஏமாற்றியிருப்பேன்.

மருத்துவர் ஐம்பது வயதுப் பெண்மணி. கைப்பேசியை வாங்கிப் பட்டியலைப் படித்தார்.

"கோடு போட்டு வெச்சிருக்கறது எல்லாம் என்னம்மா?"

"அது திரும்ப வரல டாக்டர். காலைல செக் பண்ணேன்."

"ராத்திரி பூரா ரெஸ்ட் எடுத்துட்டு செக் பண்ணா எப்படி வரும்? அதாம்மா இந்த நோயே."

மேலே சுற்றும் மின்விசிறியை இமைக்காமல் பார்க்கச் சொன்னார். அரை நிமிடத்தில் இடது இமை இறங்கியது. கையுறையில் பனிக்கட்டி நிரப்பி அந்த இமையின்மேல் இரண்டு நிமிடம் வைத்தார். எடுத்ததும் இமை மேலேறியது.

"ஐயே, தொறந்துகிச்சு!" என்றாள் அம்மா.

மயஸ்தீனியா கிராவிஸ் (நரம்பின் செய்தி தசைக்குப் போய்ச் சேரும் இடத்தை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கும் நோய்). பயன்படுத்தப் பயன்படுத்தத் தசை சோரும். ஓய்வு கொடுத்தால் மீளும். மருத்துவர் சொல்லச் சொல்ல எனக்குப் பச்சைக் கோடு கண்முன் வந்தது. மாதக்கணக்கில் அதைப் பார்த்து ஈட்டிக்காரியை உட்கார வைத்தவள் நான். என்னை உட்கார வைக்கவில்லை.

கடைசியாக, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னார். பதினான்கில் மூச்சு தீர்ந்தது. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, அன்றே சேரச் சொன்னார். மூச்சு விடும் தசையும் சோர்ந்துகொண்டிருந்தது.

இம்யூனோகுளோபுலின் (பலர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புப் புரதம்) ஐந்து நாள் ரத்தக்குழாய் வழியாக ஏற்றினார்கள். தினமும் காலை, மதியம், மாலை எண்ணிக்கை. மறுநாள் பதினொன்று. அதற்கடுத்த நாள் பத்து. இன்னும் இறங்கினால் தொண்டையில் குழாய் விட்டுச் செயற்கை மூச்சு தர வேண்டும் என்று மருத்துவர் மறைக்காமல் சொன்னார். கட்டிலுக்குப் பக்கத்தில் அந்த இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நான் அதைப் பார்க்காமல் திரும்பிப் படுத்தேன். திரும்புவதற்கே இரண்டு முறை முயல வேண்டியிருந்தது.

அன்று மாலை அம்மா காதருகே வந்து கேட்டாள்.

"அந்த ஈட்டிக்காரி எங்க நிக்கிறா?"

"விளக்குகிட்ட. உக்காந்துகினு இருக்கா."

"ஊரு எரியிதுன்னியே?"

"எரியும்."

"எரியட்டும். அவளும் உக்காரட்டும், நீயும் பேசாம படு."

நான்காம் நாளும் பத்து. ஐந்தாம் நாள் மாலை பதிமூன்று. அம்மா என்னோடு சேர்ந்து உதட்டால் எண்ணிக்கொண்டிருந்தாள். பதிமூன்றுக்குப் பிறகும் அவள் உதடு அசைந்தது. மறு வாரம் இருபத்திரண்டு. இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்கு வந்தபின் எல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. பைரிடோஸ்டிக்மின் (நரம்பின் செய்தி தசையில் கொஞ்சம் கூடுதல் நேரம் தங்க உதவும் மாத்திரை) நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. ஸ்டீராய்டால் முகம் உப்பியது. மாத்திரையை நானாக நிறுத்தக் கூடாது. காய்ச்சலுக்குப் போனாலும் நோயின் பெயரை முதலில் சொல்ல வேண்டும். சில மருந்துகள் எங்களுக்கு ஆகாது. இந்த நோய் அடங்கும்; அடியோடு போய்விடும் என்று யாரும் எனக்கு உறுதி சொல்லவில்லை.

ஏழு வாரம் கழித்து விளையாட்டைத் திறந்தேன். விட்ட இடத்திலேயே அவள் உட்கார்ந்திருந்தாள். பச்சைக் கோடு முழுதாக நிரம்பியிருந்தது. எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. மூன்று நொடியில் நிரம்புகிறவள். மூடிவிட்டுத் தூங்கினேன்.

மறுநாள், ஸ்கிரீன்ஷாட் கேட்டு விளையாட்டைத் தயாரித்தவர்கள் அனுப்பியிருந்த கடிதத்துக்குப் பதில் எழுதினேன்: பிழை விளையாட்டில் இல்லை, சோர்ந்தால் ஒன்றை இரண்டாகக் காட்டும் என் கண்ணில் இருந்தது, மன்னிக்கவும்.

இப்போது என் பட்டியலில் நான் கோடு போடுவதில்லை. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நேரம் எழுதுகிறேன். கடினமான வேலைகளை மதியத்துக்குள் முடிக்கிறேன். என் நாள் முன்பு போல நீளமில்லை. ஆனால் அது எங்கே தீரும் என்று பெரும்பாலும் தெரிகிறது. உடம்பில் பச்சைக் கோடு இல்லை. நிலா இருக்கிறது.

மாலையில் அரை மணி ஆடுகிறேன். தறியை விட்டு எழுந்ததும் அம்மா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பாள்.

"நிலா எத்தினி?"

"ஒண்ணு."

"அப்ப ஆடு."

நேற்று அவள் கேட்டபோது ஈட்டிக்காரி தலைநகரத்தின் வாசலுக்கே வந்துவிட்டாள். இன்னும் பத்தடிதான். நிலாவின் விளிம்பு மெல்லப் பிரியத் தொடங்கியிருந்தது.

"எத்தினிடி?"

"ஒண்ணரைம்மா."

"மூடு."

ஈட்டிக்காரியைத் திருப்பி நடத்திக்கொண்டு போய், பக்கத்தில் இருந்த கல்விளக்கின் அருகே உட்கார வைத்தேன். மடிக்கணினியை மூடினேன். கண்ணையும் மூடினேன். தலைநகரம் எரிந்துகொண்டிருந்தது.