முதல் விரல்

தொண்ணூறுகளில் ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்துப் பளியர் பழங்குடிக் குடியிருப்புக்கு ரத்தச்சோகை ஆய்வுக்குப் போனேன். ஊரார் ரத்தத்தை எடுக்கப் போன எனக்கு என் ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும். இது என் மனைவிக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

குடியிருப்பு வாசலிலேயே மறித்தார் ஓர் அம்மா. மெலிந்த உடம்பு, கையில் கிழங்கு தோண்டும் துருவேறிய கம்பி. எதற்கும் ஒருதரம் மலையைப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

“போன வருசம் வந்தவங்க ரத்தம் எடுத்தாங்க. யாருக்கு என்ன குறைன்னு சொல்ல ஒருத்தரும் வரலை. நீங்க எப்ப வருவீங்க?”

“மேலதிகாரியைக் கேட்டுத்தான்…”

“அப்ப அவரு ரத்தத்தை எடுத்துக்கோங்க சார்.”

கம்பியைப் பார்த்தேன். “அமாவாசைக்கு மறுநாள் நானே வாரேன்.”

“மொதல்ல உங்க விரலை நீட்டுங்க. எங்க ரத்தத்தோட உங்க ரத்தமும் போனாத்தான் மறக்காம வருவீங்க.”

என் ஊசியாலேயே வீரமாகக் குத்திக்கொண்டேன். கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். அவர் முறத்தால் விசிறிக்கொண்டிருந்தார்.

சொன்ன நாளில் ஊராரின் ரத்த முடிவுகளோடு போனேன். அன்று வேலைக்குப் போகாமல் எல்லோரும் காத்திருந்தார்கள். பெண்கள் பலருக்கு ரத்தம் குறைவு என்றேன். அந்த அம்மா மலையைப் பார்த்தார்.

“ஏன் குறைஞ்சுதுன்னு எங்க பொம்பளைகளையே கேக்கணும். கேள்வியை நாங்க சொல்றோம், நீங்க எழுதுங்க.”

ஆய்வுக்காக அச்சடித்துக் கொண்டுவந்த கேள்வித்தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் எழுதினேன். முதல் கேள்வியை அவரே சொன்னார்: “காட்டுல கெழங்கு தோண்டக்கூடாதுன்னு பாரஸ்டுக்காரங்க தடுத்த பொறவு என்னத்தத் தின்னோம்?”

நாற்பது கேள்வி தயாரித்த எங்கள் ஆய்வுக் குழுவுக்கு அது மட்டும் ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.